62 வெற்றி, அப்புறம் நாலே ஆட்டத்தில் வீட்டுக்கு: டாம்பா பே லைட்னிங் தோல்வி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ் ஹாக்கி பார்ப்பவன் என்று தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் 2019-ஐ இழுத்துவிடுவார். அந்த வருடம் வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் யாரும் கிட்டே நெருங்க முடியாத இடத்தில் இருந்த டாம்பா பே லைட்னிங், பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸிடம் 0-4 என்று தோற்று வெளியே போனது. கேள்விகள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

ஐஸ் ஹாக்கியே எனக்குப் புதுசு. இதைப் புரிஞ்சுக்க குறைஞ்சபட்சம் என்ன தெரிஞ்சிருக்கணும்?

ஒரு பக்கத்துக்கு ஐந்து ஆட்டக்காரர்கள், ஒரு கோலி, அதாவது வலையைக் காப்பவர். பந்து கிடையாது, 3 அங்குல அகலமும் 1 அங்குல கனமும் உள்ள கெட்டி ரப்பர் வட்டுதான். அதற்குப் பெயர் பக். 20 நிமிடம் வீதம் மூன்று பீரியட். ஆட்டக்காரர்கள் முக்கால் நிமிடம் மூச்சைப் பிடித்து ஓடிவிட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பெஞ்சுக்கு வந்து அடுத்தவரை அனுப்புவார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். தப்பாட்டம் ஆடியவர் பெரும்பாலும் 2 நிமிடம் தனிப் பெட்டியில் உட்கார வேண்டும். அதுவரை எதிரணி ஐந்துக்கு நாலு என்று ஆடும். இதுதான் பவர் பிளே. கீழே பாதிக் கதை இதில்தான் ஓடுகிறது. அப்புறம், ஒரு கோலில் பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் கோலியை வெளியே அழைத்து, கூடுதலாக ஒரு ஆட்டக்காரரை இறக்கிப் பார்க்கும். அப்போது எதிரணி காலி வலைக்குள் கோல் தட்டிவிடுவதும் சகஜம். அதனால் 7-3 என்ற ஸ்கோரைப் பார்த்ததும் ஒருதலைப்பட்ச ஆட்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பிளேஆஃப்னா நாக்-அவுட்டா? ஒரு மேட்ச் தோத்தா வெளியவா?

இல்லை. லீக் சுற்றில் அப்போது ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டம். அப்போதிருந்த 31 அணிகளில் 16 பிளேஆஃபுக்குப் போகும். அங்கே ஒவ்வொரு சுற்றும் ஒரே எதிரணியோடு அதிகபட்சம் ஏழு ஆட்டம். முதலில் நாலு ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்கு. இப்படி நாலு சுற்று தாண்டினால்தான் ஸ்டான்லி கோப்பை.

அதனால்தான் இந்தத் தோல்வி இவ்வளவு பேசப்படுகிறது. ஒரு ஆட்டத்தில் யாரும் யாரிடமும் தோற்கலாம். சுதாரிக்க ஏழு வாய்ப்பு கொடுத்தும் ஒன்றில்கூட ஜெயிக்காமல் போனதைத்தான் ஜனங்களால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த சீசன்ல லைட்னிங் அவ்ளோ பெரிய டீமா?

82-ல் 62 வெற்றி. 1995-96-ல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் வைத்த சாதனையைச் சமன் செய்த எண் அது. மொத்தம் 128 புள்ளி (வெற்றிக்கு இரண்டு, கூடுதல் நேரத்தில் தோற்றால் ஒன்று). லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தரும் பிரசிடென்ட்ஸ் டிராஃபி அவர்களுக்குத்தான்.

40 கோலைத் தாண்டியவர்கள் மட்டும் மூன்று பேர்: ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் 45, நிகிடா குச்செரோவ் 41, பிரேடன் பாயின்ட் 41. குச்செரோவ் கோலும் அசிஸ்ட்டும் (அடுத்தவர் கோலுக்குப் பாஸ் கொடுத்தது) சேர்த்து 128 புள்ளி எடுத்து, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் டிராஃபியை வாங்கினார். அணிக்கும் 128, ஆளுக்கும் 128. தற்செயல்தான், ஆனால் கேட்பவர்கள் குழம்பிவிடுகிறார்கள். சிறந்த கோலிக்கான வெசினா டிராஃபியும் இவர்களுடைய ஆந்த்ரே வாசிலெவ்ஸ்கிக்கே போனது. கோல் போடுவதிலும் தடுப்பதிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லாத அணி.

சரி, கொலம்பஸ் எவ்ளோ மோசமான டீம்?

இந்தக் கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. 47 வெற்றி, 98 புள்ளி எடுத்த அணியை மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் கிழக்குப் பகுதியிலிருந்து பிளேஆஃபுக்குள் நுழைந்த கடைசி அணி அதுதான். லீக்கின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில்தான் இடமே உறுதியானது. 2000-ல் லீக்குக்கு வந்த கொலம்பஸ் அதுவரை நாலு முறை பிளேஆஃப் ஆடியும் ஒரு சுற்றைக்கூடத் தாண்டியதில்லை.

ஆனால் பட்டியலில் தெரியாத ஒன்று இருந்தது. பிப்ரவரியில் அந்த அணியின் பொது மேலாளர் யார்மோ கெக்கலாய்னன் ஒரு சூதாட்டம் ஆடினார். ஆர்டெமி பனாரினுக்கும் கோலி செர்கெய் போப்ரோவ்ஸ்கிக்கும் கோடையில் ஒப்பந்தம் முடிகிறது. இருவரும் போய்விடுவார்கள் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்களாக இருந்தால் அவர்களை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு எதையாவது வாங்கியிருப்பார்கள். இவர் கொடுக்காததோடு, ஆட்டவாவிடமிருந்து மாட் டுஷேனையும் வாங்கிச் சேர்த்தார். ஆக, ஏப்ரலில் களமிறங்கிய கொலம்பஸ் அந்த 98 புள்ளியில் பெரும்பகுதியை எடுத்த அதே கொலம்பஸ் இல்லை.

லீக்ல இவங்க ரெண்டு பேரும் மோதினப்ப என்ன ஆச்சு?

மூன்று முறை மோதினார்கள், மூன்றும் லைட்னிங்குக்கு. 8-2, 4-0, 5-1. கூட்டினால் 17-3. இதைப் பார்த்துவிட்டு யாராவது கொலம்பஸ் ஜெயிக்கும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். ஆனால் மூன்றாவது மோதல் நடந்தது பிப்ரவரி 18-ல், டுஷேன் வந்து சேரும் முன்பே. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

3-0 லீட் எடுத்துட்டு முதல் மேட்சை எப்படிங்க தோத்தாங்க?

2019 ஏப்ரல் 10, டாம்பாவில். முதல் பீரியடிலேயே அலெக்ஸ் கில்லோர்ன், ஆந்தனி சிரெல்லி, யானி கூர்ட் ஆளுக்கொரு கோல். அதிலும் கில்லோர்ன் போட்டது, லைட்னிங் ஒரு ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தபோது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் தூங்கப் போய்விட்டேன். எழுந்து பார்த்தால் 4-3, கொலம்பஸ் வெற்றி. ஸ்கோரைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இரண்டாம் பீரியடில் கொலம்பஸ் கேப்டன் நிக் ஃபொலின்யோ ஒன்று போட்டார். மூன்றாவதில் டேவிட் சவார்ட் இன்னொன்று. 3-2. அப்புறம் வந்த கட்டத்தைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆட்டம் முடிய இன்னும் 8 நிமிடம். பவர் பிளே லைட்னிங்குக்கு. லீக்கிலேயே பயங்கரமான பவர் பிளே. ஒரு கோல் போட்டால் கதை முடிந்தது. அந்த நேரத்தில் கோல் போட்டது, ஒரு ஆள் குறைவாக ஆடிய கொலம்பஸின் ஜோஷ் ஆண்டர்சன். 3-3. அடுத்த இரண்டு நிமிடச் சொச்சத்தில் பவர் பிளே கொலம்பஸுக்குக் கிடைத்தது, சேத் ஜோன்ஸ் அடித்தார். 4-3.

என்னைக் கேட்டால் அந்தத் தொடர் இந்த நிமிடங்களில்தான் கைமாறியது. ஒரு ஆள் கூட இருக்கும்போதும் கோல் வாங்கி, ஒரு ஆள் குறையும்போதும் கோல் வாங்கினால், அடுத்த ஆட்டத்தில் பவர் பிளே கிடைத்தால்கூட உள்ளுக்குள் உதறத்தான் செய்யும்.

மத்த மூணு மேட்ச்?

இரண்டாவது 5-1. டுஷேன் ஒரு கோல், மூன்று அசிஸ்ட். மூன்றாவது கொலம்பஸில், 3-1. அதில் கடைசி கோல் காலி வலைக்குள். நாலாவது ஏப்ரல் 16-ல், 7-3. கேட்கப் படுதோல்வி மாதிரி இருக்கும். உண்மையில் கடைசிவரை 4-3 ஆகத்தான் இருந்தது. லைட்னிங் கோலியை எடுத்த பிறகு மூன்று கோல் காலி வலைக்குள் விழுந்தன. அதில் ஒன்றைப் போட்ட அலெக்சாண்டர் டெக்ஸியருக்கு அப்போது வயது 19. ஆட்டத்தின் முதல் கோலும் அந்தப் பையனுடையதுதான்.

குச்செரோவ் எங்க போனார்? 128 எடுத்தவர் ஒண்ணுமே பண்ணலையே?

இரண்டு அசிஸ்ட், கோல் பூஜ்யம். ஸ்டாம்கோஸ், பாயின்ட் இருவருக்கும் ஆளுக்கு ஒரு கோல். அதுவும் நாலாவது ஆட்டத்தில். சீசனில் 127 கோல் போட்ட மூவர் இந்தத் தொடரில் போட்டது இரண்டு.

அதோடு இரண்டாவது ஆட்டத்தில் ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தார் குச்செரோவ். ஆட்டம் கைவிட்டுப் போன நேரத்தில் கொலம்பஸின் மார்க்கஸ் நுட்டிவாராவைக் களத்தைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து மோதித் தள்ளினார். லீக் ஒரு ஆட்டத் தடை விதித்தது; மூன்றாவது ஆட்டத்தில் அவர் இல்லை. தற்காப்பின் தூணான விக்டர் ஹெட்மனும் காயத்தால் மூன்றாவது, நாலாவது ஆட்டங்களில் ஆடவில்லை. காயத்தைக் குறை சொல்ல முடியாது. தடை அவரே வரவழைத்துக்கொண்டது.

வாசிலெவ்ஸ்கி சொதப்பிட்டார், அவ்ளோதானே?

நாலு ஆட்டத்தில் காலி வலைக் கோல்களைக் கழித்தால் அவர் விட்டது 15. வெசினா வாங்கியவருக்கு அது அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 15-ல் ஐந்து பவர் பிளேயில் வந்தவை. மீதியிலும் பல, தடுப்பாட்டக்காரர் பக்கை இழந்த கையோடு வந்தவை. கோலியைத் திட்டுவது சுலபம், ஏனென்றால் தப்பின் கடைசி ஆள் அவர். முதல் ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எதிர்ப்பக்கம் போப்ரோவ்ஸ்கி. இரண்டு முறை வெசினா வாங்கியவர், ஆனால் பிளேஆஃப் என்றால் சறுக்கிவிடுவார் என்ற கெட்ட பெயரும் இருந்தது. அந்த நாலு ஆட்டத்தில் அவர் விட்டது எட்டே கோல்; அதிலும் முதல் மூன்று, அந்த முதல் பீரியடில் விட்டவை.

கொலம்பஸ் அப்படி என்னதான் பண்ணாங்க?

லைட்னிங்கின் ஆட்டம் நடுக்களத்தில் பிறக்கிறது. பின்னாலிருந்து தடுப்பாட்டக்காரர் பக்கை நேராக நடுவில் ஓடுபவருக்குக் கொடுப்பார், அவர் முழு வேகத்தில், எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக் கோட்டைத் தாண்டுவார், குச்செரோவுக்கு ஒரு பாஸ், முடிந்தது. இதற்கு அந்த முதல் பாஸ் சுத்தமாகப் போக வேண்டும்.

கொலம்பஸ் அந்த முதல் பாஸின் கழுத்தைப் பிடித்தது. பக் லைட்னிங்கின் மூலைக்குப் போன உடனே ஒருவர் தடுப்பாட்டக்காரர் மேல் பாய்வார், அவர் பின்னாலேயே இன்னொருவர் வந்துவிடுவார். பலகை ஓரமாகத் தட்டிவிடலாம் என்றால் அங்கே கொலம்பஸ் தடுப்பாட்டக்காரர் ஏற்கெனவே இறங்கி நிற்பார். நடுவில் கொடுக்கலாம் என்றால் அங்கேயும் ஆள். கடைசியில் பக்கைக் கண்மூடித்தனமாக மேலே அடித்து விடுவதைத் தவிர வழி இருக்காது. அப்படி அடித்தால் பக் திரும்பவும் கொலம்பஸ் கையில்தான்.

இதில் ஆபத்தும் உண்டு. பாய்ந்தவரைத் தாண்டி ஒரு பாஸ் போய்விட்டால் பின்னால் ஆள் இருக்காது. முதல் ஆட்டத்தின் முதல் பீரியட் அதைத்தான் காட்டியது. 3-0 ஆன பிறகும் பயிற்சியாளர் ஜான் டார்ட்டரெல்லா கதவைச் சாத்திக்கொண்டு பின்வாங்கவில்லை. ஒரு தகவல்: 2004-ல் டாம்பாவுக்கு முதல் ஸ்டான்லி கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளரும் இதே டார்ட்டரெல்லாதான்.

ரெஃப்ரி ஏதாவது விளையாடிட்டாரா?

இல்லை. பவர் பிளே வாய்ப்பு கொலம்பஸுக்கு 10, லைட்னிங்குக்கு 6. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அது கொள்ளை இல்லை. எத்தனை கோலானது என்பதைப் பாருங்கள்: கொலம்பஸ் 10-ல் ஐந்து, லைட்னிங் 6-ல் ஒன்று. லீக் சுற்றில் நிலைமை நேர்மாறு. நூற்றுக்கு 28 என்ற கணக்கில் கோல் போட்ட லைட்னிங் பவர் பிளே பட்டியலின் உச்சியில். கொலம்பஸ் கிட்டத்தட்ட அடியில். பட்டியலைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி.

ரொம்ப சீக்கிரமே முதலிடம் உறுதியானதால மெத்தனமா இருந்துட்டாங்களோ?

மெத்தனம் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றவர்களைப் பற்றி எதையும் சொல்லாத வார்த்தை அது. ஆனால் இதில் கொஞ்சம் உண்மை உண்டு. லைட்னிங்குக்கு மார்ச் பாதியிலேயே முதலிடம் உறுதி. அதன் பிறகு அவர்களுக்கு எதுவும் பணயத்தில் இல்லை. கொலம்பஸோ கடைசி இரண்டு வாரமும் தோற்றால் வெளியே என்ற நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பிளேஆஃப் ஏப்ரல் 10-க்கு முன்பே தொடங்கிவிட்டது.

முக்கியமான விஷயம் வேறு. அந்த சீசன் முழுக்க லைட்னிங் நெருக்கடியில் மாட்டியதே குறைவு. பின்தங்கினாலும் திறமையை வைத்து மீண்டுவிடுவார்கள். ஓட்டைகள் இருந்தன, தண்டனை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். முதல் முறையாகத் தண்டனை கிடைத்தபோது திருத்திக்கொள்ள ஒரு வாரம்கூட இல்லை.

இது வெறும் அதிர்ஷ்டம்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். ஐஸ் ஹாக்கில யார் வேணா ஜெயிக்கலாமாமே?

பாதி சரி. ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சுமார் 30 ஷாட் அடிக்கும். அதில் மூன்று உள்ளே போகும். பக் ஒருவர் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பினால் ஒரு கோல். மொத்தமே ஐந்தாறு கோல் விழுகிற ஆட்டத்தில் அது சின்ன விஷயம் இல்லை. கூடைப்பந்து மாதிரி நூறு புள்ளி எடுக்கும் விளையாட்டில் தற்செயல்கள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். இங்கே அதற்கு நேரமில்லை.

கணக்குப் போட்டே பார்ப்போம். 82-ல் 62 என்றால் ஒரு ஆட்டத்தில் தோற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 24. அதை வைத்தால் நாலும் வரிசையாகத் தோற்க வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். ஆனால் அந்த 62-ல் அடிமட்ட அணிகளிடம் ஜெயித்தவையும் உண்டு, கூடுதல் நேரத்தில் ஜெயித்தவையும் உண்டு. பிளேஆஃபுக்கு வரும் அணியோடு மோதும்போது தோற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 35 என்று வைத்தால், நாலும் தோற்பது நூற்றில் ஒன்றரை. அரிதுதான், நம்பவே முடியாதது இல்லை. லீக்கில் வருடா வருடம் பலமான அணி ஒன்று இருக்கத்தான் செய்கிறது; பல வருடங்களில் ஒரு முறை இப்படி ஆவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதிர்ஷ்டம் என்பதோடு நிறுத்த நான் தயாரில்லை. மேலே கொலம்பஸ் என்ன செய்தது என்று சொன்னதைப் பாருங்கள். அது பகடை உருட்டல் இல்லை.

பெரிய டீம்கிட்ட பணம் இருக்கும்ல? கூட நாலு ஸ்டார்களை வாங்கிப் போட்டா போச்சே?

முடியாது. 2005-06 முதல் என்.எச்.எல்-இல் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2018-19-ல் அது ஒரு அணிக்கு 7.95 கோடி டாலர். எவ்வளவு பணக்கார உரிமையாளரானாலும் அதற்குள்தான் கட்ட வேண்டும். அதனால் முதல் அணிக்கும் பதினாறாவது அணிக்கும் உள்ள இடைவெளி, புள்ளிப் பட்டியல் காட்டுவதைவிடக் குறுகல்.

வரலாற்றுலயே இதுதான் பெரிய அதிர்ச்சியா? பாஸ்டன்னு ஒரு கதை சொல்றாங்களே?

முதல் சுற்றிலேயே ஸ்வீப் ஆன, அதாவது ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வெளியேறிய, முதல் பிரசிடென்ட்ஸ் டிராஃபி அணி லைட்னிங்தான். அந்த வகையில் இது தனி. ஆனால் இடைவெளியைப் பார்த்தால் 2023 பாஸ்டன் புரூயின்ஸ் இன்னும் மோசம். 65 வெற்றி, 135 புள்ளி; இரண்டுமே லீக் சாதனை. எதிரணி ஃபுளோரிடா பேந்தர்ஸ், 92 புள்ளி. தொடரில் 3-1 என்று முன்னிலை வகித்தும் பாஸ்டன் தோற்றது. ஏப்ரல் 30-ல் ஏழாவது ஆட்டத்தில், அடுத்த சுற்றுக்குப் போக இன்னும் ஒரே நிமிடம் மிச்சம் இருக்கும்போது பிராண்டன் மான்டூர் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கார்ட்டர் வெர்ஹேகி கதையை முடித்தார். அந்தத் தொடரின் பாதியில் உள்ளே வந்து கடைசி ஆட்டங்களில் ஃபுளோரிடாவின் வலையில் நின்றவர் யார் தெரியுமா? அதே போப்ரோவ்ஸ்கி.

2010-ல் வாஷிங்டன் கேபிடல்ஸும் 121 புள்ளியோடு வந்து, 3-1 முன்னிலையிலிருந்து 88 புள்ளி எடுத்த மான்ட்ரியாலிடம் தோற்றது. ஆறாவது ஆட்டத்தில் மான்ட்ரியால் கோலி யாரோஸ்லாவ் ஹலாக் 53 ஷாட்டைத் தடுத்தார். 2013-ல் சிகாகோ ஜெயித்த பிறகு 2025 வரை பிரசிடென்ட்ஸ் டிராஃபி அணி ஒன்றுகூட ஸ்டான்லி கோப்பையைத் தொடவில்லை.

ஐஸை வழிக்கிற வண்டி ஓட்டுறவர் கோலியா நின்னு ஒரு டீமைத் தோற்கடிச்சாராமே, அது இந்தக் கதையா?

இல்லை, அது வேறு. 2020 பிப்ரவரி 22, டொரன்டோ. விருந்தாளி அணியான கரோலினா ஹரிக்கேன்ஸின் இரண்டு கோலிகளும் ஒரே ஆட்டத்தில் காயமடைந்தார்கள். இப்படி நேர்ந்தால் இறக்குவதற்காக உள்ளூரில் ஒருவரைத் தயாராக வைத்திருப்பது அப்போதைய லீக் விதி. அன்றைக்கு இருந்தவர் 42 வயது டேவிட் அயர்ஸ். ஐஸை வழிக்கும் வண்டி ஓட்டிய அனுபவம் உள்ளவர், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர். அவர் சந்தித்த முதல் இரண்டு ஷாட்டும் கோல். அதற்குப் பிறகு வந்த எட்டையும் தடுத்துவிட்டார். கரோலினா 6-3.

இதில் டொரன்டோ ரசிகர்களை வாட்டியது வேறொன்று. அயர்ஸ் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸோடு பயிற்சியில் நின்று பழகியவர். சொந்த வீட்டு ஆள். அவரை நோக்கி ஒரு பீரியடுக்கும் மேலான நேரத்தில் பத்தே ஷாட்தான் அடிக்க முடிந்தது. ஆனால் பாராட்டு அவரோடு கரோலினாவின் மற்ற ஐந்து பேருக்கும் சேர வேண்டும். ஷாட் அடிக்க இடமே விடாமல் காத்தது அவர்கள்தான்.

இவ்ளோ கேவலமா தோத்தும் கோச்சை ஏன் தூக்கலை?

லைட்னிங் பயிற்சியாளர் ஜான் கூப்பரின் ஒப்பந்தத்தைப் பிளேஆஃபுக்குக் கொஞ்சம் முன்னால்தான் நீட்டித்திருந்தார்கள். அது ஒரு காரணம். ஆனால் பொது மேலாளர் ஜூலியன் பிரிஸ்பா பதறவில்லை என்பதுதான் பெரிய காரணம். நாலு ஆட்டத்துக்காக 62 வெற்றியைக் குப்பையில் போட அவர் தயாராக இல்லை. முதுகெலும்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஓரங்களில் முரட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்தார்: கோடையில் பாட் மரூன், அடுத்த பிப்ரவரியில் பிளேக் கோல்மன், பார்க்லி குட்ரோ. மூவருமே மூலையில் பக்குக்காக மல்லுக்கட்டுகிறவர்கள். கொலம்பஸ் எங்கே அடித்ததோ அங்கேயே மருந்து போட்டார்.

அந்தத் தோல்விதான் அடுத்த வருஷம் கோப்பை வாங்கிக் கொடுத்துச்சுன்னு சொல்றாங்களே, ஒத்துக்கிறீங்களா?

முழுசாக இல்லை. 2020-லும் 2021-லும் லைட்னிங் ஸ்டான்லி கோப்பை வாங்கியது உண்மை. 2022-லும் இறுதிச் சுற்று வரை போனது. ஆனால் தோல்வியே ஜெயிக்க வைக்கும் என்றால் தோற்ற அணிகள் எல்லாம் கோப்பை வாங்க வேண்டும். 2010-ல் தோற்ற வாஷிங்டனுக்குக் கோப்பை கிடைக்க இன்னும் எட்டு வருடம் ஆனது. மேலே சொன்ன மாதிரி, லைட்னிங் விஷயத்தில் வேலை செய்தது பதறாத நிர்வாகமும் சரியான மூன்று பேரும்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: அந்தத் தோல்வி அவர்களுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்திருக்கலாம். 2020 பிளேஆஃபில் முதல் சுற்றில் மறுபடியும் கொலம்பஸ். ஆகஸ்ட் 11, பெருந்தொற்றுக் காலம், பார்வையாளர்கள் இல்லாத டொரன்டோ அரங்கம். முதல் ஆட்டம் 2-2 என்று முடிந்து ஐந்து கூடுதல் நேரம் ஓடியது. கொலம்பஸ் கோலி யோனாஸ் கோர்பிசாலோ 85 ஷாட்டைத் தடுத்தார். லீக் சாதனை அது. 150 நிமிடம் கடந்த பிறகு பாயின்ட் கோல் போட்டார். 2019-ன் லைட்னிங் அந்த ஆட்டத்தில் மூன்றாவது கூடுதல் நேரத்திலேயே பொறுமையிழந்து நடுவில் ஒரு ஆபத்தான பாஸ் கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். நிரூபிக்க வழியில்லை.

ஜெயிச்ச கொலம்பஸ் என்ன ஆச்சு?

அடுத்த சுற்றில் பாஸ்டனிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றது. கோடை வந்ததும் பயந்தபடியே நடந்தது: பனாரின் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு, போப்ரோவ்ஸ்கி ஃபுளோரிடாவுக்கு, டுஷேன் நாஷ்வில்லுக்கு. கெக்கலாய்னன் செய்தது தப்பு என்பார்கள் சிலர். இருபது வருடம் காத்திருந்த ஊருக்கு ஒரு ஏப்ரல் கொடுத்தார். எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை.

எல்லாத்தையும் பார்க்க நேரமில்லை. எதை மட்டும் பார்க்கலாம்?

2019 தொடரின் முதல் ஆட்டம், மூன்றாவது பீரியட் மட்டும். பக்கைப் பார்க்காமல் லைட்னிங் தடுப்பாட்டக்காரர்களைப் பாருங்கள். மூலையில் பக்கை எடுக்கும் முன் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு நேரம் இருந்தால் 2020-ன் அந்த ஐந்து கூடுதல் நேர ஆட்டம்.

2021-ல் லைட்னிங் கோப்பையைத் தூக்கும் காட்சியையும் பார்த்தால் ஒரு குழப்பம் வரும். 2019 தொடரின் முதல் ஆட்டத்தில் கொலம்பஸுக்காக இரண்டாவது கோல் போட்ட டேவிட் சவார்ட் அங்கே லைட்னிங் சட்டையில் நிற்பார். ஆள் மாறாட்டம் இல்லை. 2021 ஏப்ரலில் லைட்னிங் அவரை வாங்கிப் போட்டது.